வளைந்த நடுச்சுவர், சாய்ந்த மூக்கு: மும்பை தாராவிப் பெண் ஒருவரின் அறுவை நிகழ்வு ஆய்வு

இங்கே சொல்லப்படுபவர் தனி ஒருவர் அல்லர். சிறுவயதில் அடிபட்டு மூக்கு சாய்ந்து, மூச்சும் அடைத்துப் போனவர்களிடம் வழக்கமாகக் காண்பவற்றை ஒரே நோயாளியிடம் சேர்த்து எழுதிய மாதிரி நிகழ்வு இது. அளவுகளும் அப்படியே: இத்தகைய மூக்குகளில் எதிர்பார்க்கக்கூடியவை.

வயது 27. தாராவி தொண்ணூறு அடி சாலைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர், பூர்விகம் திருநெல்வேலி. சயானில் லோக்கல் ரயில் ஏறி, கோட்டைப் பகுதியில் ஒரு கணக்கு அலுவலகத்துக்கு வேலைக்குப் போகிறார். 11 வயதில் வீட்டு மாடிக்கு ஏறும் இரும்பு ஏணியிலிருந்து முகம் அடிபட விழுந்திருக்கிறார். மூக்கு வீங்கி இரண்டு நாள் ரத்தம் கசிந்தது. ஐஸ் வைத்ததோடு விட்டுவிட்டார்கள். வீக்கம் வடிந்தபோது மூக்கு ஏறத்தாழ நேராகத்தான் இருந்தது. 14, 15 வயதில்தான் வலப்பக்கம் சாயத் தொடங்கியது. இது பலருக்குப் புரியாத இடம். குழந்தையின் மூக்கு வளர்வது, இரு மூக்கறைகளையும் பிரிக்கும் நடுச்சுவர்க் குருத்தெலும்பின் தள்ளலால். அதில் ஒரு விரிசல் விழுந்தால், பருவ வயதில் மூக்கு வேகமாக நீளும்போது சுவர் அந்த விரிசல் உள்ள இடத்தில் மடங்கி, வெளி மூக்கையும் இழுத்துக்கொண்டு போகும். அடி ஒரு நாள், கோணல் நான்கு வருடம் கழித்து.

குறைகள் இரண்டு. வலது மூக்கில் காற்றே போவதில்லை, இரவில் வாய் திறந்து தூங்கி விடியற்காலையில் தொண்டை வறண்டு எழுகிறார். அடுத்தது, எந்தப் புகைப்படத்திலும் முகம் ஒரு பக்கம் திரும்பியது போலவே தெரிகிறது. முதல் குறையை அம்மாவும் சொன்னார். இரண்டாவதை மகள் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"மூச்சு நல்லா விட்டாப் போதும் டாக்டர். மூக்க மாத்திட்டு ஊருக்குப் போனா சொந்தக்காரவுவ என்ன நினைப்பாவ?" என்றார் அம்மா.

"யம்மா, நான் வேற மூக்கு கேக்கல. இதே மூக்கு நேரா இருந்தாப் போதும்."

மகள் கேட்டதுதான் சரியான கேள்வி. இந்த மூக்கில் மூச்சையும் தோற்றத்தையும் பிரித்துச் சரிசெய்ய வழியே இல்லை. கூடாரத்தின் நடுக்கம்பு போல நிற்பது நடுச்சுவர். கம்பு வளைந்திருக்க, வெளித்துணியை மட்டும் இழுத்துக் கட்டினால் சில மாதங்களில் திரும்பவும் சாயும். வெளியே சாய்ந்த மூக்கை அப்படியே விட்டு உள்ளே மட்டும் நேராக்கினால், சாய்ந்த எலும்பும் மேல்புறக் குருத்தெலும்பும் சுவரைப் பழைய இடத்துக்கே தள்ளும். நடுச்சுவரை நேராக்கும் செப்டோபிளாஸ்டி அறுவை முடிந்தும் அடைப்பு தீராமல் திரும்பி வருபவர்களில் பலருக்கு விட்டுப்போனது சுவரின் மேல்விளிம்பும் முன்விளிம்புமே.

பரிசோதனை

ஸ்பெக்குலம் உள்ளே போடும் முன் வெறும் கண்ணால் பார்ப்பது முக்கியம். கருவி மூக்குத்துளையை விரித்துவிட்டால், மூச்சு இழுக்கையில் உள்வாங்கும் இடம் மறைந்துபோகும். இவருக்கு நடுச்சுவரின் கீழ்முனை, மூக்கின் அடியில் அது உட்கார வேண்டிய எலும்பு மேட்டிலிருந்து நழுவி இடது துளைக்குள் எட்டிப் பார்த்தது. உள்ளே போகப் போகச் சுவர் வலப்பக்கம் வில்லாக வளைந்து, அடியில் ஒரு கூர்முனையோடு பக்கச் சதையைத் தொட்டது. இடப்பக்கம் ஏற்பட்ட காலியிடத்தை நிரப்ப, இடது கீழ் டர்பினேட் பருத்திருந்தது. 'மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது' என்று வெளியில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இது கட்டி அல்ல. காற்றைச் சூடாக்கி ஈரமாக்க எல்லோருக்கும் உள்ள உறுப்பு.

மூக்கின் மிகக் குறுகலான வாசல், நடுச்சுவரும் மேல்பக்கக் குருத்தெலும்பும் சந்திக்கும் உள் வால்வு. அந்தக் கோணம் வழக்கமாக 10 முதல் 15 டிகிரி. வட்டக் குழாயில் சீராக ஓடும் காற்றுக்கு, விட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஓட்டம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். மூக்கு வட்டக் குழாய் இல்லைதான், ஆனாலும் இங்கே ஒரு மில்லிமீட்டருக்கு உள்ள விலை அந்தக் கணக்கில் தெரிந்துவிடும். கன்னத்தை வெளிப்பக்கம் இழுத்துப் பார்க்கும் சோதனையை மட்டும் நம்பக்கூடாது. நல்ல மூக்கிலும் இழுத்தால் காற்று கூடத்தான் செய்யும். மெல்லிய புரோப் ஒன்றால் மேல்பக்கக் குருத்தெலும்பை உள்ளிருந்து ஒரு மில்லிமீட்டர் மட்டும் தாங்கிப் பிடித்து மூச்சு இழுக்கச் சொல்ல வேண்டும். இவர் இரு பக்கமும் உடனே "இப்ப போகுது" என்றார்.

அடுத்து, அடைப்பு நீக்கும் மருந்து நனைத்த பஞ்சை 10 நிமிடம் வைத்து மீண்டும் பார்த்தபோது இடப்பக்கம் நன்றாகத் திறந்தது, வலப்பக்கம் திறக்கவில்லை. ஆக இடப்பக்கம் பெருமளவு சதை வீக்கம். வலப்பக்கம் முழுக்கக் கட்டமைப்புக் கோளாறு. அடைப்பின் தொல்லையை அளக்கும் நோஸ் கேள்வித்தாளில் ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை; கூட்டி ஐந்தால் பெருக்கினால் நூற்றுக்கு வரும். இவருக்கு 75. சிடி ஸ்கேனில் சைனஸ்கள் சுத்தமாக இருந்தன.

முகத்தின் அளவுகளில் கவனித்தவை இவை. மூக்கின் மேல்பகுதி எலும்பு வலப்பக்கம் 4 மி.மீ. விலகல். பக்கவாட்டில் பார்த்தால் மூக்கின் முதுகில் 3 மி.மீ. திமில். உதட்டுக்கும் மூக்கின் அடிக்கும் இடையிலான கோணம் 86 டிகிரி. பெண்களுக்கு 95க்கு மேல் இருந்தால்தான் நுனி தொங்காமல் தெரியும். இரு கண்களின் உள்முனைகளுக்கு இடையே 33 மி.மீ., மூக்குத்துளைகளின் வெளி அகலம் 35 மி.மீ. இந்த இரண்டு மில்லிமீட்டருக்காகத் துளை அகலத்தை வெட்டிக் குறைப்பதில்லை என்று முடிவானது. தமிழ் முகத்துக்கு அந்த அகலம் இயல்பு. குறைத்தால் காற்று வாசலும் குறையும், தழும்பும் தெரியும். தாடை நுனி இடப்பக்கம் 2 மி.மீ. விலகியிருந்ததைப் படத்தில் கோடு போட்டு முன்பே காட்டினார்கள். மூக்கு நேரானபின் அது கண்ணில் படும். அன்று முதன்முதலாகத் தெரிந்தால் மூக்கைத்தான் குறை சொல்லத் தோன்றும்.

கண்ணுக்கே தெரியாத குறையைப் பெரிதாக நினைத்து மணிக்கணக்கில் கண்ணாடி முன் நிற்பவர்களுக்கு, கத்தி எடுக்கும் முன் மனநல ஆலோசனை வேண்டும். இவரது குறை மற்றவர் கண்ணுக்கும் தெரிவது, கேட்பதும் அளவானது.

ஆறு வாரத் தாமதம்

மூன்று வருடமாக, அடைப்பு நீக்கும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்து, ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை. மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கிடைப்பதால் பலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் மருந்தை நிறுத்தியதும் சதை முன்னைவிட அதிகமாக வீங்கும். அந்த வீக்கத்தோடு அறுவைக்குப் போனால் எவ்வளவு சதையைக் குறைப்பது என்பதே தெரியாது, ரத்தமும் அதிகம் கசியும். ஒரே நாளில் நிறுத்தச் சொன்னால் யாராலும் முடியாது. முதலில் வலப்பக்கம் மட்டும் நிறுத்தி, இரவில் இடப்பக்கம் மட்டும் ஒரு சொட்டு. இரண்டு வாரம் கழித்து அதையும் விட்டார். கூடவே சதை வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டான மொமெட்டாசோன் ஸ்பிரே, நாளுக்கு ஒரு முறை பக்கத்துக்கு இரண்டு அழுத்தம். ஸ்பிரேயின் முனை நடுச்சுவரை நோக்கி இருக்கக் கூடாது, காதுப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். வலது துளைக்கு இடது கையால் பிடித்தால் அது தானாக அமையும். சுவரிலேயே அடித்துக்கொண்டிருந்தால் ரத்தம் கசியும்.

ஹீமோகுளோபின் 10.2 ஆக இருந்ததால் இந்த ஆறு வாரமும் இரும்புச் சத்து மாத்திரை. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், மீன் எண்ணெய், வைட்டமின் இ, பெயர் தெரியாத சூரணங்கள் எல்லாம் இரண்டு வாரம் முன்பே நிறுத்தம். புகைப்பவராக இருந்தால் நான்கு வாரமாவது விட வேண்டும்; நுனித் தோலின் ரத்த ஓட்டம் அதில்தான் கெடுகிறது.

பணக் கணக்கையும் இந்த நாட்களில் முடித்துவிட வேண்டும். அழகு அறுவையை மருத்துவக் காப்பீடு ஏற்காது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொது விலக்குப் பட்டியலில் அது இருக்கிறது. மூச்சடைப்புக்கான நடுச்சுவர், டர்பினேட் அறுவை வேறு வகை. ஆனால் பல பாலிசிகளில் அதற்கும் இரண்டு வருடக் காத்திருப்பு உண்டு. அழகுக்கான அறுவைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. அடிபட்டோ பிறவியிலோ கெட்ட அமைப்பைச் சீராக்கும் அறுவைக்கு அந்த வரி இல்லை. எனவே பழைய அடியின் விவரம், சிடி, எண்டோஸ்கோபிப் படம், சொட்டு மருந்தை நிறுத்தி ஸ்பிரே போட்டும் தீராத குறிப்பு, எல்லாம் மருத்துவச் சீட்டில் எழுத்தில் இருக்க வேண்டும். காப்பீட்டுக்குப் போகும் பகுதியும் கையிலிருந்து கட்டும் பகுதியும் தனித்தனி மதிப்பீடாக முன்பே வாங்கிக்கொள்வது நல்லது. திமில் குறைப்பையும் நுனி உயர்த்தலையும் மூச்சடைப்புச் சிகிச்சை என்று எழுதித் தரச் சொல்பவர்கள் உண்டு. அது பொய், பிறகு முழுக் கோரிக்கையும் நிராகரிக்கப்படலாம்.

அறுவை

முழு மயக்கம், வாய் வழிக் குழாய், தொண்டையில் ஈரத் துணிப் பொதி. வைத்த பொதியைப் பலகையில் எழுதி, முடிவில் எடுத்ததைச் சத்தமாகச் சொல்லி அழிக்க வேண்டும். மறந்த ஒரு பொதி மூச்சுக் குழாயை அடைத்துவிடும். தலை 15 டிகிரி உயரம். 2 சதவீத லிக்னோகெய்ன், 2 லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் அட்ரினலின் கலந்து 10 மி.லி. ஊசி போட்ட பின் முழுதாக 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு உடனே கீறினால் அடுத்த இரண்டு மணி நேரமும் ரத்தத்தைத் துடைப்பதிலேயே போகும்.

இரு துளைகளுக்கு நடுவே உள்ள தூணில் தலைகீழ் வி வடிவக் கீறல் போட்டுத் தோலை மேலே தூக்கினார்கள். உள்வழியாகவே செய்தால் வெளித்தழும்பு இருக்காது என்பது உண்மைதான். ஆனால் சுவரின் மேல்விளிம்பு முறிந்து வளைந்த மூக்கில் கண்ணால் பார்த்துத் தைப்பதற்கு ஈடில்லை. அந்தத் தழும்பு ஒழுங்காகத் தைத்தால் ஒரு வருடத்தில் மங்கிவிடும்.

மேல்பக்கக் குருத்தெலும்புகளை நடுச்சுவரிலிருந்து பிரித்த பின்தான் மூக்கு ஏன் வளைந்தது என்பது கண்ணெதிரே தெரிந்தது: சுவரின் மேல்விளிம்பில், எலும்பு முடிந்து குருத்தெலும்பு தொடங்கும் இடத்துக்கு 8 மி.மீ. கீழே, செங்குத்தான ஒரு பழைய முறிவுக் கோடு. அந்த இடத்தில் சுவர் விரலால் தொட்டால் கதவுக் கீல் போல மடங்கியது. எலும்பும் குருத்தெலும்பும் இணையும் அந்த மூலையை எந்தக் காரணத்துக்காகவும் அவிழ்க்கக் கூடாது. அவிழ்ந்தால் சில மாதங்களில் மூக்கின் முதுகு குதிரைச் சேணம் போலக் குழிந்துவிடும்.

நடுவிலுள்ள வளைந்த குருத்தெலும்பில் 24 மி.மீ. நீளம், 15 மி.மீ. அகலத் துண்டை எடுத்தார்கள். மேலேயும் முன்னேயும் குறைந்தது 10 மி.மீ. அகலத்தில் எல் வடிவச் சட்டம் விட வேண்டும் என்பது விதி. இங்கே முறிவு இருந்ததால் மேல்புறம் 13 மி.மீ. விடப்பட்டது. வலப்பக்கக் கூர்முனை மேல் இருந்த சவ்வை உரிக்கும்போது 6 மி.மீ. கிழிந்தது. கூர்முனையில் சவ்வு வெங்காயத் தோல் போல இழுபட்டு நிற்பதால் இது அடிக்கடி நேர்வது. ஒரு பக்கம் மட்டும் கிழிந்தால் தானே ஆறும். நேர் எதிரே மறுபக்கமும் கிழிந்தால்தான் சுவரில் ஓட்டை விழும், மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்கும், பொருக்குத் தட்டும். இடப்பக்கச் சவ்வு முழுதாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, எடுத்த குருத்தெலும்பில் மீதியான நேரான துண்டு ஒன்றை நடுவே திரும்ப வைத்து, கரையும் நூலால் மெத்தைத் தையல் போல இரு சவ்வுகளையும் சேர்த்துத் தைத்தார்கள். இந்தத் தையலே இடையில் ரத்தம் தேங்காமலும் காக்கிறது.

இடப்பக்கம் நழுவியிருந்த கீழ்முனை, எலும்பு மேட்டுக்கு 3 மி.மீ. அதிக நீளமாக இருந்தது; மடங்கியதற்குக் காரணமே அந்த அதிக நீளம். அடியில் அந்த மூன்றை மட்டும் சீவி, நடுக்கோட்டுக்குத் திருப்பி, எலும்பு முனையில் சிறு துளையிட்டு மெதுவாகக் கரையும் 4-0 பிடிஎஸ் நூலால் எட்டு வடிவில் கட்டினார்கள். மெல்லிய திசுவில் மட்டும் தைத்தால் நழுவிவிடும்.

திமிலில் எலும்பை 1.5 மி.மீ. அரத்தால் தேய்த்து, குருத்தெலும்பை 1.5 மி.மீ. சீவினார்கள். அதற்கு மேல் கேட்டாலும் குறைக்கக் கூடாது என்பது திட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. திமிலை எடுக்கையில் மேல்பக்கக் குருத்தெலும்பு தன் பிடிமானத்தை இழந்து உள்ளே சரியும். வெளியே தலைகீழ் வி போல நிழல் விழும், உள்ளே வால்வு மூடும். மூக்கைச் சிறிதாக்கிக்கொண்டு வந்தவர்கள் மூச்சுக்குத் தவிப்பது பெரும்பாலும் இந்த ஒரு படியால்தான். அதற்குத்தான் ஸ்ப்ரெடர் கிராஃப்ட், அதாவது நடுச்சுவருக்கும் மேல்பக்கக் குருத்தெலும்புக்கும் இடையே வைத்துத் தைக்கும் குருத்தெலும்புக் கீற்று. எடுத்த துண்டிலிருந்து 24 மி.மீ. நீளம், 4 மி.மீ. உயரத்தில் இரண்டு கீற்று: வலப்பக்கம் 1 மி.மீ. தடிமன், உள்வளைந்த இடப்பக்கம் 2 மி.மீ. இரண்டும் முறிவுக் கோட்டைத் தாண்டி மேலும் கீழும் நீண்டு, முறிந்த கைக்கு இருபுறமும் கட்டும் மூங்கில் பத்தை போல அதைப் பிடித்துக்கொண்டன. 5-0 பிடிஎஸ் தையல் நான்கு. வால்வைத் திறந்ததும் மூக்கின் முதுகை நேராக்கியதும் இந்த ஒரே ஜோடிக் கீற்றுதான்.

அடுத்து எலும்பு. சாய்வு வலப்பக்கம் என்பதால் முதலில் இடது எலும்பை வெட்டி வெளியே நகர்த்தி இடம் உண்டாக்கி, பிறகு வலதை உள்ளே தள்ள வேண்டும். வரிசை மாறினால் நகர இடமிருக்காது. வெட்டு மூக்குத்துளை எலும்பின் அடியிலிருந்தே தொடங்கக் கூடாது. 3, 4 மி.மீ. மேலே தள்ளித் தொடங்கினால்தான் டர்பினேட் ஒட்டியிருக்கும் சிறு முக்கோண எலும்பு அசையாமல் நிற்கும். அது உள்ளே வந்தால் காற்று வழி குறுகும். வலது எலும்பு முழுதாக உடையாமல் பச்சைக் குச்சி போல மடங்கி, கையை எடுத்ததும் பழைய இடத்துக்குத் திரும்பியது. தோல் வழியே 2 மி.மீ. உளியை நுழைத்து முழுமையாக்கினார்கள்.

நுனிக்கு, இரு தூண் குருத்தெலும்புகளையும் நடுச்சுவரின் நேரான முன்விளிம்பின் இருபுறமும் ஏற்றித் தைத்தார்கள். நுனியின் பக்கக் குருத்தெலும்பில் மேல்விளிம்பை மட்டும் சீவி 8 மி.மீ. விட்டார்கள், 6க்குக் கீழே போனால் நுனி கிள்ளியது போலாகி மூச்சு இழுக்கையில் ஒட்டும். இடது டர்பினேட்டில் சவ்வுக்கு உள்ளே சதையை மட்டும் குறைத்து, வெளிப்பக்கம் தள்ளினார்கள். முழுதாக வெட்டி எறிந்தால் வழி அகலமாக இருந்தும் காற்றே போகாதது போன்ற தீராத தவிப்பு வரும். 6-0 நைலானால் தோல் தையல், உள்ளே சிலிக்கான் ஸ்பிளிண்ட் (தாங்கு தகடு), வெளியே வெந்நீரில் இளகும் ஸ்பிளிண்ட். மொத்தம் 3 மணி 20 நிமிடம்.

மூக்குத்தி, ஆவி, லோக்கல் ரயில்

வலது மூக்கில் மூக்குத்தி. மின்கத்தி பயன்படுத்துவதால் அறுவையின்போது உடலில் உலோகம் இருக்கக் கூடாது. மாதக்கணக்கில் கழற்றினால் துளை தூர்ந்துவிடுமே என்று அம்மா கவலைப்பட்டார். துளையில் 2-0 நைலான் நூல் ஒன்றைக் கோத்து முடிச்சிட்டு விட்டார்கள். நுனியருகே கிராஃப்ட் வைத்திருந்தால் அந்த இடத்தில் புதிதாகக் குத்தவே கூடாது, குருத்தெலும்பில் சீழ் பிடித்தால் அது கரைந்துபோகும்.

முதல் 48 மணி நேரம் குளிர் ஒத்தடம், கன்னத்திலும் கண்ணிலும் மட்டும். தலைக்கு இரண்டு மூன்று தலையணை. உப்புநீர் ஸ்பிரே நாளுக்கு ஆறு முறை. இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். ஆவி பிடிப்பது மூன்று வாரத்துக்குக் கூடவே கூடாது. சூடு ரத்தக் குழாயை விரித்துக் கசியச் செய்யும். கருவாடு, கத்திரிக்காய் என்று பத்தியம் எதுவும் தேவையில்லை. ஆனால் ஒரு வாரம் கறியைக் கடித்து இழுத்துத் தின்பதைத் தவிர்க்க வேண்டும், மேலுதடு இழுபட்டால் கீழ்முனைத் தையலும் இழுபடும். வலிக்குப் பாராசிட்டமால் 650 மி.கி.

வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இறுக அடைத்தால், காய்ச்சல் வந்தால், விடியும் வரை காத்திருக்கக் கூடாது. சுவரின் இருபுறமும் ரத்தம் தேங்கினால் குருத்தெலும்புக்கு உணவு நின்றுபோய், சில நாட்களிலேயே அழியத் தொடங்கும். 11 வயதில் ஏணியிலிருந்து விழுந்த அன்றும் இதைத்தான் பார்த்திருக்க வேண்டும்: குழந்தை மூக்கில் அடிபட்டால் அன்றே ஒருவர் உள்ளே விளக்கடித்து நடுச்சுவர் இருபுறமும் உப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஏழாம் நாள் தையலும் ஸ்பிளிண்டுகளும் எடுக்கப்பட்டன. வேலைக்கு இரண்டு வாரம் விடுப்பு. அதன்பின் ஆறு வாரம் முடியும் வரை காலை நெரிசலில் லேடீஸ் டப்பாவில் ஏறாமல், நேரம் மாற்றிப் போகச் சொன்னார்கள். ஆறாத எலும்பை ஒரு முழங்கை நகர்த்திவிடும். மூக்குக் கண்ணாடியையும் ஆறு வாரத்துக்கு மூக்கின் மேல் நிற்க விடாமல் நெற்றியில் டேப் ஒட்டித் தொங்கவிட வேண்டியிருந்தது.

கிடைத்ததும் கிடைக்காததும்

முதல் மாதத்தில் மூச்சு எதிர்பார்த்த அளவு திறக்கவில்லை. உள் வீக்கமும் பொருக்கும் ஆறு வாரம் வரை இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் சொட்டு மருந்துக்குத் திரும்பாமல் தாங்கிக்கொண்டார். மூன்றாம் மாதம் நோஸ் மதிப்பெண் 20, பன்னிரண்டாம் மாதம் 10. சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு பக்கம் லேசாக அடைத்து மறுபக்கம் திறப்பது இன்னும் உண்டு. அது எல்லா மூக்கிலும் நடக்கும் இயல்பான முறைமாற்றம்.

மூன்றாம் மாதம் நுனிக்குச் சற்று மேலே கிளி மூக்குப் போலச் சிறு உப்பல். தடித்த தோலில் அடியில் தழும்புத் திசு சேர்வதால் வருவது. ஸ்டீராய்டான டிரையாம்சினோலோன் 10 மி.கி./மி.லி. வீரியத்தில் 0.1 மி.லி., தோலுக்கு அடியில் ஆழமாக ஒரே ஊசி. தோலுக்குள்ளேயே போட்டால் அது மெலிந்து குழிந்துவிடும். ஆறு வாரத்தில் வடிந்தது.

உதட்டுக்கும் மூக்கின் அடிக்கும் இடையிலான கோணம் இப்போது 97 டிகிரி. எலும்புச் சாய்வு 4 மி.மீ.யிலிருந்து 1 மி.மீ.க்குக் குறைந்தது, பூஜ்யமாகவில்லை. அந்த ஒன்று, மடங்கித் திரும்பிய வலது எலும்பின் மிச்சம். விரலால் தடவினால் அங்கே ஒரு சிறு விளிம்பு படுகிறது. சிரிக்கும்போது மேலுதடு ஏழெட்டு மாதம் விறைப்பாக இருந்து பிறகு தளர்ந்தது. தாடையின் இரண்டு மில்லிமீட்டர் விலகலை இப்போது அவரே கண்ணாடியில் காட்டுகிறார், ஆனால் அதற்கு எதுவும் செய்ய வேண்டாம் என்கிறார். நுனியின் கடைசி வீக்கம் தடித்த தோலில் வடிய 18 மாதம் ஆகலாம். அதற்கு முன் திருத்த அறுவை பற்றிப் பேசுவதில்லை.

நான்காம் மாதம் நைலான் நூலை இழுத்து, அதே துளையில் பழைய மூக்குத்தியைப் போட்டுவிட்டார்கள். அம்மாதான் திருகினார்.